தையல் பிரித்தாயிற்று... மம்பட்டி எப்போது பிடிக்கலாம்?

புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல்காட்டில் யாருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளாது. மழை இறங்குவதற்கு முன்பே விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும் என்பது இங்கே பலருடைய கணக்கு. விடிவதற்கு முன்பே டிராக்டர் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அப்படியொரு காலையில், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு சம்சாரி மட்டும் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயது 63. ஐந்து ஏக்கர் மானாவாரி. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அடிவயிற்றில் புடைப்பு தெரிந்து நான்கு வருடமாகியும், "படுத்தா உள்ள போயிருது, பெறவு என்ன?" என்று தள்ளிப்போட்டவர். ஒரு நாள் புடைப்பு உள்ளே போகாமல் வலி எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் நாள்தான் தையல் பிரித்திருந்தார்கள். ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன் போனில் சொன்னார்: "யப்பா, நீங்க சும்மா இருங்க. இந்த வருசம் காட்டத் தரிசாப் போட்ருங்க. இல்லன்னா யாருக்காச்சும் குத்தகைக்கு விட்ருவோம்."

மகன் அக்கறையில் சொன்னதுதான். ஆனால் போனை வைத்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. "இனி நான் எதுக்கு இருக்கேன்?" என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் அதற்குப் பதில் சொல்லவில்லை. "மம்பட்டி எங்க போயிரப்போகுது? மொதல்ல எந்திரிச்சுத் தெருமுக்கு வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் வயதான விவசாயிகளிடம் இரண்டு வகைத் தவறுகளைப் பார்க்கலாம். ஒன்று, வலி குறைந்ததுமே உடம்பு சரியாகிவிட்டது என்று நினைத்து மூட்டையைத் தூக்குவது. இந்தப் பெரியவரின் சித்தப்பா மகன் அப்படித்தான் இருபதாம் நாள் 45 கிலோ யூரியா மூட்டையைத் தோளில் ஏற்றினார். புடைப்பு திரும்ப வந்தது. இரண்டாம் முறையும் ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டியதாயிற்று. மற்றொன்று, இனிமேல் எல்லாம் அவ்வளவுதான் என்று கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பது. முன்னதில் தையல் விட்டுப்போகும். பின்னதில் ஆளே விட்டுப்போவார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் நடந்து காட்டிய ஒருவர் இதே கரிசல் மண்ணில் பிறந்தவர்.

எட்டயபுரம் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1918 அக்டோபர் 1-ல் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. சிலேட்டு, பென்சில் இல்லாத பள்ளிக்கூடம். ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தார்கள். சொந்தத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைச் சிறுவயதிலேயே பார்த்ததால், பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார்.

முப்பது வயதில் முடக்குவாதம் தாக்கியது. 1948-ல் ராணுவ வேலை போயிற்று. ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் படுக்கை. எழுந்து நிற்க முடியாது, பேனா பிடிக்க முடியாது. நோய் தணிந்து எழுந்தபோது விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்தக் கோணல் கடைசிவரை நிமிரவில்லை. பிரசவம் பார்க்கும் கனவு அத்தோடு முடிந்தது.

அவர் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். பழைய விரல்கள் திரும்ப வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இருக்கிற விரல்களால் எந்த வேலை முடியும் என்று பார்த்தார். கண் மருத்துவத்துக்கு மாறினார். முதலில் நிற்கப் பழகினார், பிறகு கத்தியைப் பிடிக்கப் பழகினார். தன் விரலுக்குத் தோதான கருவிகளைத் தானே வடிவமைத்துக்கொண்டார். 1951-ல் கண் மருத்துவப் பட்டம் பெற்று, 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். அந்தக் கோணல் விரல்களால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தார்.

1976-ல், 58 வயதில், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்றால் உட்காருவது என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதே வருடம் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்று மதுரை, தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று விரிந்திருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை அதுதான். 2006 ஜூலை 7-ல், 87 வயதில் காலமானார்.

டாக்டர் வெங்கடசாமிக்கு வந்தது தீராத நோய். குடலிறக்கமோ கண்புரையோ ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுகிற விஷயம். இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் படுக்கையிலிருந்து எழுகிறவருக்கு அவர் வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. 'பழையபடி எப்போது ஆவேன்?' என்ற கேள்வி ஆளைச் சோர வைக்கும். 'இன்றைய உடம்புக்கு இன்று எந்த வேலை?' என்ற கேள்வி எழுப்பி உட்கார வைக்கும்.

மானாவாரி விவசாயிகளுக்கு இதை விளக்க விதைக் கடினப்படுத்தலைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டை-ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் என்று கலந்து, 6 மணி நேரம் ஊறவைத்து, பிறகு பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்துகிறோம். கொஞ்சம் நனைப்பு, கொஞ்சம் காய்ச்சல். அந்த விதை வறட்சியைத் தாங்கி முளைக்கும். ஊறவைத்த விதையை அப்படியே ஈரச்சாக்கில் போட்டு மறந்துவிட்டாலும் வீண். வெயிலில் கொட்டி வறுத்தாலும் வீண். ஆபரேஷன் முடிந்த உடம்பும் அந்த விதை மாதிரிதான். கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி கொஞ்சம் கூடுதல் வேலை.

வயதானவர்கள் பத்து நாள் அசையாமல் படுத்திருந்தாலே தொடையிலும் காலிலும் சதை கரைந்துவிடும். கரைந்ததைத் திரும்ப ஏற்ற அதைவிடப் பல மடங்கு நாளாகும். படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், மலம் இறுகும். இதனால்தான் ஆபரேஷன் முடிந்த மறுநாளே நர்ஸ் வந்து 'எழுந்து நடங்க' என்று விரட்டுகிறார்.

பெரியவர் மனைவி சொன்ன தெருமுக்கு நடையிலிருந்துதான் தொடங்கினார். முதல் வாரம் வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடை. ஒரே தடவையாக நடக்காமல், ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் என்று நாளைக்கு நான்கைந்து வேளை. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அளவு சரி. மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் அளவு மீறிவிட்டது. படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுந்தார். இருமும்போதும் தும்மும்போதும் தையல் இடத்தில் சின்னத் தலையணையை வைத்து அழுத்திக்கொண்டார்.

இரண்டாம் வாரம் அவருக்கு ஒரு சோலி கிடைத்தது. மகனிடம், "தரிசு போட வேண்டாம். டிராக்டர்காரனுக்குச் சொல்லியாச்சு. நீ விதைப்பு அன்னைக்கு மட்டும் வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, விதை நேர்த்தியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். உட்கார்ந்தே செய்கிற வேலை. நூறு சோள விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து முளைப்புப் பார்த்தார். 75-க்குக் குறைந்தால் விதையை மாற்ற வேண்டும் என்பது கணக்கு, 84 முளைத்திருந்தது. பிறகு கரைசல் கலந்து ஊறவைத்தார். ஈர விதையைத் தூக்கி உலர்த்தும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பையன் செய்தான். போன வருட வரவு செலவை நோட்டில் எழுதி முடித்தார். பல வருடமாகத் தள்ளிப்போட்டுவந்த வேலை அது.

மூன்றாம், நான்காம் வாரத்தில் வண்டிப்பாதை வழியாகக் காட்டு எல்லை வரை நடந்தார். இங்கே கரிசல்காட்டுக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மழைக்கு முன்னால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசலில் கால் சிக்கினால் கணுக்கால் பிசகும். மழை பெய்தபின் மண் செருப்போடு அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் கனக்கும், வழுக்கும். வழுக்கும்போது ஆள் தன்னையறியாமல் வயிற்றை எக்கித்தான் சமாளிப்பார். தையலுக்கு அது ஆகாது. ஈரம் உலரும் வரை தார் ரோட்டில் நடப்பதே நல்லது. கையில் ஒரு கம்பு இருக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் அவர் காட்டுக்குள் இறங்கினார். அப்போதும் மம்பட்டியை எடுக்கவில்லை. மக்காச்சோளத்தில் படைப்புழு பார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டார். வயலில் ஐந்து இடத்தில் நின்று, இடத்துக்கு இருபது செடி வீதம் குருத்தைப் பார்ப்பது. முட்டைக் குவியல் இருந்தால் நசுக்குவது. இளவட்டங்கள் பொறுமை இல்லாமல் விட்டுவிடுகிற வேலை இது. அன்றாடம் பார்த்ததால் ஒரு மூலையில் தொடங்கிய தாக்குதல் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த மூலைக்கு மட்டும் மருந்து அடித்தால் போதுமானதாக இருந்தது. அடித்தது வேறு ஆள். 16 லிட்டர் கைத்தெளிப்பானில் தண்ணீர் எடை மட்டுமே 16 கிலோ. முதுகில் மாட்டிக்கொண்டு கரிசலில் நடக்கிற வேலை அவருக்கு அந்தப் பருவம் முழுக்க இல்லை என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

இந்த வாரக் கணக்கு எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. சின்னத் துளை போட்டுச் செய்த ஆபரேஷனுக்கு ஒரு கணக்கு, வயிற்றைத் திறந்து செய்ததற்கு ஒரு கணக்கு, மூட்டு மாற்றியதற்கு, இதய ஆபரேஷனுக்கு வேறு வேறு கணக்கு. ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, 'எப்போது வேலை செய்யலாம்?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'சைக்கிள் எப்போது ஓட்டலாம், குனிந்து களை எடுப்பது எப்போது, தண்ணீர்க் குடம் எப்போது, 50 கிலோ மூட்டை எப்போது?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நாம் செய்கிற வேலையின் எடை டாக்டருக்குத் தெரியாமல் போகலாம்.

அடுத்து சாப்பாடு. ஆபரேஷன் என்றால் பத்தியம் என்று அரிசிக் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பருப்பு, முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று ஒதுக்குகிறார்கள். இது தவறு. புண் ஆறுவதற்கும் கரைந்த சதை ஏறுவதற்கும் தேவையானதே புரதம். கரிசல்காட்டில் அது கடையில் வாங்க வேண்டிய பொருளும் இல்லை. உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை, முட்டை, மோர், முருங்கைக்கீரை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். கீரை, காய், கம்பு, போதுமான தண்ணீர் இருந்தால் மலம் இறுகாது. குடலிறக்க ஆபரேஷன் ஆனவர் முக்கக் கூடாது என்பதால் இது முக்கியம். சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. சர்க்கரை ஏறினால் புண் ஆறாது.

பீடி குடித்தால் புண்ணுக்குப் போகிற ரத்தம் குறையும், இருமல் தையலை இழுக்கும். பெரியவர் நாற்பது வருடப் பீடியை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நிறுத்தியவர், வீட்டுக்கு வந்தும் தொடவில்லை. தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில் டீக்கடைப் பக்கமே ஒரு மாதம் போகவில்லை.

காய்ச்சல், தையல் இடத்தில் சிவப்பு, வீக்கம், சீழ், ஒரு கால் மட்டும் கெண்டைக்காலில் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம்.

வீட்டில் பயிற்சி சொல்லித்தர ஆள் இல்லையே என்பவர்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுகிறவர்களுக்கு வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை தருகிற ஏற்பாடு உண்டு. மூட்டு, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது பெரிய உதவி.

உடம்பைப் போலவே மனசுக்கும் கவனம் வேண்டும். ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் பலருக்கு ஒரு சோர்வு வரும். தூக்கம் பிடிக்காது, சாப்பாடு இறங்காது, காரணமில்லாமல் அழுகை வரும். வெளியே சொல்ல ஆண்கள் கூச்சப்படுவார்கள். பெண்களோ சொல்லக்கூட நேரமில்லாமல், தையல் ஆறுவதற்குள் அடுப்படிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போய்விடுவார்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன எத்தனையோ பெண்கள் பதினைந்தாம் நாளில் குடம் தூக்கியிருக்கிறார்கள். ஆண்களுக்குச் சொல்கிற அதே ஆறு வாரம் பெண்களுக்கும் உண்டு என்பதை வீட்டிலுள்ளவர்கள் மனதில் வைக்க வேண்டும். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

'நீங்க சும்மா இருங்க' என்று சொல்வதைவிட, 'இந்த வருசம் எந்த ரகம் போடலாம்?' என்று கேட்பது பெரியவர்களை எழுப்பும். முடிவு எடுக்கிற இடத்திலிருந்து அவர்களை இறக்கிவிட்டால், எந்த டானிக்கும் வேலை செய்யாது.

அந்த வருடம் மார்கழிக் கடைசியில் சோளம் களத்துக்கு வந்தது. பெரியவர் நாற்காலி போட்டு, தூசி அடிக்காத பக்கமாக உட்கார்ந்து, சாக்குக் கணக்கு எழுதினார். மூட்டையை முழுசாகக் கட்ட விடவில்லை. 25 கிலோவுக்கு மேல் ஒரு சாக்கில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் காட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "என்ன மாமா, டாக்டர் இன்னும் தூக்கச் சொல்லலையா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டாரு மாப்ள. எனக்காக இல்ல. ஒனக்கும் அம்பது ஆயிருச்சுல்லா, அதுக்குத்தான்" என்றார் இவர்.

கணக்கு எழுதும்போது நோட்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் எழுதியதை மனைவி கவனித்திருந்தார். ஒரு கண்ணில் புரை வளர்ந்திருந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து பெரும் விலைக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. 1992-ல் டாக்டர் வெங்கடசாமியின் நிறுவனம் மதுரையிலேயே ஆரோலேப் தொழிற்சாலையைத் தொடங்கி அதைத் தயாரித்த பிறகு விலை பல மடங்கு இறங்கியது. இன்று கிராமத்து முகாமில் கண்டறிந்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஒருவருக்கு லென்ஸ் வைத்து அனுப்புகிறார்கள் என்றால், அதன் பின்னால் அந்தக் கோணல் விரல்களின் உழைப்பும் இருக்கிறது.

புரை ஆபரேஷன் செய்துகொள்கிற விவசாயிகள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சொன்ன நாள் வரை சொட்டு மருந்தை விடாமல் போட வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, அழுக்குத் தண்ணீர் படக் கூடாது, கதிரடிக்கிற களத்துப் பக்கமும் அடுப்புப் புகைப் பக்கமும் ஒரு மாதம் போகக் கூடாது. கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதனால் களத்துச் சோலி முடிந்த பிறகு புரை ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது விவசாயிகளுக்குத் தோது. பார்வை ரொம்பவே மங்கிவிட்டால் அறுவடைக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது.

பெரியவர் மாசி மாதத்துக்கு நாள் வாங்கியிருக்கிறார். குடலிறக்கத்துக்கு நான்கு வருடம் தள்ளிப்போட்டவர், இதை ஒரு மாதம்கூடத் தள்ளவில்லை. "சித்திரையில கோடை உழவு இருக்கு. அதுக்குள்ள கண்ணு தெளிஞ்சிரணும்" என்று மகனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டைக் குத்தகைக்கு விடுவது பற்றி மகன் அதற்குப் பிறகு பேசவில்லை.